மத்தூர் ரோட்டில் ஒரு மக்கர் ஜீப்!

உங்ககிட்ட மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் டிகிரி இருக்கா? இல்லை, இனிமேல்தான் வாங்கப் போறீங்களா? ரெண்டில் எதுவானாலும் சரி, ஒரே ஒரு கேள்வி. அரை இஞ்ச் போல்ட்டில் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் என்ன ஆகும்?

தெரியாதா? வெட்கப்படாதீங்க. எட்டு செமஸ்டர், ரெண்டு அரியர், ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட் எல்லாம் முடித்து வெளியே வந்த எனக்கே தெரியாது. மத்தூரில் ஒரு புளியமரத்தடியில், சாக்கு விரித்து, ஒரு கிழட்டு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தபோதுதான் தெரிந்தது. பதிலை அப்புறம் சொல்கிறேன். முதலில் மத்தூருக்கு வாங்க.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஊத்தங்கரை பஸ்ஸோ திருவண்ணாமலை பஸ்ஸோ எது முதலில் கிளம்புதோ அதில் ஏறுங்க. ஜன்னல் சீட் முக்கியம். கோட்டை மலை பின்னால் போனதும் ரெண்டு பக்கமும் மாந்தோப்பு ஆரம்பிக்கும். நடுநடுவே, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு எடுத்துப்போக மறந்த மாதிரி பாறைக் குன்றுகள். ஊர்ப்பெயர்களில் பாதி ‘பட்டி’ என்று முடியும். மீதி ‘அள்ளி’, ‘பள்ளி’ என்று முடியும். டீக்கடையில் ஒருத்தர் தமிழில் கேட்பார், இன்னொருத்தர் தெலுங்கில் பதில் சொல்வார், மூணாவது ஆள் கன்னடத்தில் சிரிப்பார். எல்லைப் பக்கம் அப்படித்தான். யாரும் இதை ஒரு அதிசயமாக நினைப்பதில்லை.

இன்னொரு விஷயம். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு வண்டி செய்வது புதுசே இல்லை. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில் இருந்துதான் கிளம்பியது. அதே 1980-ல்தான் அசோக் லேலண்ட் ஓசூரில் தொழிற்சாலை ஆரம்பித்தது. இந்தப் பக்கம் மத்தூருக்குப் பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட் வட்டாரத்தில், 2021-ல் ஓலாவின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரி வந்தது. ஐநூறு ஏக்கர் இடம். ஆக, பெட்ரோல் வாசம் பிடித்த மொபெட்டில் ஆரம்பித்து சத்தமே போடாத ஸ்கூட்டர் வரைக்கும், நாற்பது வருஷக் கதை ஒரே மாவட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அதெல்லாம் வண்டியைப் பிறக்க வைக்கிற இடம். நான் உங்களைக் கூட்டிப் போகிறது, வண்டியைச் சாக விடாமல் வைத்திருக்கிற இடத்துக்கு.

என் காலேஜ் நண்பனின் தோப்பு மத்தூர் பக்கம் உள்ளே இருக்கிறது. தோத்தாபுரி மா. கூழ் ஃபேக்டரிக்குப் போகிற ரகம். சீசனில் தோப்பிலிருந்து ரோட்டுக்குப் பெட்டிகளை இழுப்பது ஒரு மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். 1990 மாடல். நம்பர் பிளேட்டில் டி.என். 29 என்று இருக்கும். அது தர்மபுரி நம்பராச்சே என்று கேட்கிறீங்களா? கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004-ல்தான். அதுக்கு முன்னாடி நாங்கள் எல்லாரும் தர்மபுரிதான். மாவட்டம் பிரிந்தது, கலெக்டர் ஆபீஸ் வந்தது, டி.என். 24 வந்தது. ஜீப் மட்டும் மாறவில்லை.

கலர் என்ன என்று கேட்காதீங்க. ஒரு காலத்தில் பச்சை என்று சொல்கிறார்கள்.

இந்த ஜீப்புக்கு 2025 அக்டோபரில் ஒரு கண்டம் வந்தது. சொந்த வண்டிக்கு முதல் 15 வருஷம் ஆர்.சி. செல்லும். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, புதுப்பிக்க வேண்டும். 1990-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்க... 2005, 2010, 2015, 2020, 2025. பழைய காலத்தில் இதுக்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் கார், ஜீப்புக்கெல்லாம் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்ட்டில் இன்னொரு திருத்தம் வந்தது. இருபது வருஷத்தைத் தாண்டிய வண்டி என்றால் 10,000 ரூபாய். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“பத்தாயிரம் கட்டறேன். ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போற வழியில நின்னுச்சுனா, அப்படியே பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிட்டுப் போயிடு. வீட்டுக்குக் கொண்டாராதே.”

நண்பன் என்னைக் கூப்பிட்டான். “மச்சி, நீ மெக்கானிக்கல்தானே?” இவன் மட்டும் என்ன, அதே பெஞ்ச்தான். ஆனால் ஆபத்து வரும்போது பாழாய்ப்போன டிகிரி ஞாபகம் வந்துவிடுகிறது.

தேதிக்கு நாலு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்தேன். ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, புகைகூட வரவில்லை. நானும் அவனும் பேட்டரி, ஃப்யூஸ் என்று ஒரு மணி நேரம் ஆராய்ச்சி செய்தோம். யூடியூபில் ஒரு அமெரிக்கர் அருமையாக விளக்கினார், வேறு ஏதோ ஒரு ஜீப்பை. கடைசியில் மத்தூரில் இருக்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அறுபதைத் தாண்டிய மனுஷர். வந்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார், டீசல் ஃபில்டரைத் தடவிப் பார்த்து விரலை மோந்தார்.

“காத்துப் பிடிச்சிருக்கு கண்ணு. ஏர் எடுக்கணும்.”

இதை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பழைய டீசல் வண்டிக்கும் உதவும். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் லைனில் எங்காவது ஒரு வாஷர் காய்ந்து போனால், டீசல் கசிகிறதோ இல்லையோ, காற்று உள்ளே போய்விடும். டீசலை அழுத்த முடியாது, காற்றை அழுத்தலாம். பம்ப் எவ்வளவுதான் தள்ளினாலும் நடுவில் இருக்கும் காற்றுக் குமிழ் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அமுங்கி எழும். நாஸில் திறக்கும் அளவுக்கு பிரஷர் ஏறாது. அதனால் ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கைப் பம்ப்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். அடித்துக்கொண்டே இருங்க. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் டைட். அப்புறம் நாஸிலுக்குப் போகும் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஒருத்தர் செல்ஃப் அடிக்க, அங்கேயும் காற்று வெளியே போனதும் டைட். ஹீட்டரை இருபது செகண்ட் போட்டு, சாவியைத் திருப்பினால்... டப், டப், டபடபடப!

காய்ந்த வாஷரைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டார். மொத்தச் செலவு என்ன என்று சொன்னால் சிரிப்பீங்க. டீ, போண்டாவுக்கு அதைவிட அதிகம் ஆனது.

“அவ்ளோதானா அண்ணா?” என்றேன்.

“அவ்ளோதான்னு இப்ப சொல்றே. ஒரு மணி நேரமா பேட்டரியைக் காலி பண்ணினது யாரு?”

மறுநாள் ஜீப்பை அவர் பட்டறைக்கே ஓட்டிப்போய்விட்டோம், முழுசாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. பட்டறை என்றால் பெரிசாகக் கற்பனை பண்ணாதீங்க. ஒரு தகரக் கொட்டகை, ஒரு புளியமரம், மரக்கிளையில் ஒரு செயின் பிளாக். அடுத்த கடை லேத். அதற்கடுத்து வெல்டிங். எதிரில் குஷன் கடை, பக்கத்தில் பேட்டரிக்காரர், கொஞ்சம் தள்ளி பழைய இரும்பு. பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரே கூரைக்குள் இருப்பதெல்லாம் இங்கே ரோட்டின் ரெண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. ஒரு புஷ் தேய்ந்துவிட்டதா? மேஸ்திரி அதைக் கழற்றி, கையில் வைத்து உருட்டி, பையனிடம் கொடுத்து “லேத்துல கொடுத்து கன்மெட்டல்ல ஒண்ணு கடைஞ்சு வாங்கிட்டு வா” என்பார். மத்தியானம் சாப்பிட்டு வருவதற்குள் சூடாக வந்துவிடும். பார்ட் நம்பர் கிடையாது, ஆர்டர் கிடையாது.

இப்போது அந்த ஸ்பேனர் கதை. ஃபோர் வீல் கியர் பெட்டிக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னார். நான் பெருமையாகப் பதிமூணை எடுத்துப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தடவை. மறுபடியும் வழுக்கல். போல்ட்டின் மூலை மழுங்கி உருண்டையாகிவிட்டது.

அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். பதிமூணு ஸ்பேனருக்கும் அதுக்கும் நடுவில் வெறும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. புதுசான போல்ட் என்றால் தப்பிக்கலாம். முப்பத்தைந்து வருஷத் துரு பிடித்த போல்ட் என்றால் தலை போய்விடும். அப்புறம் வெல்டிங்கில் ஒரு நட்டை அதன் மேல் ஒட்டித்தான் கழற்ற வேண்டும். கழற்றினோம். என் செலவில்.

“இன்ஜினுக்கு மில்லி, அடியில இஞ்சு. ரெண்டு டப்பாவையும் கலக்காதே” என்றார் மேஸ்திரி. ஏன் இப்படி? அதுக்குப் பின்னால் ஒரு உலகப் போரே இருக்கிறது.

ரெண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேலே ஜீப் செய்தார்கள். போர் முடிந்து 1947-ல், அதே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க மஹிந்திரா உரிமை வாங்கியது. அமெரிக்க டிசைன் என்பதால் சேஸிஸ், ஆக்ஸில், ஃபோர் வீல் பெட்டி எல்லாம் இஞ்ச் கணக்கு. ஆனால் அந்தப் பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற குடிக்கு நம்ம ஊரில் கட்டுப்படியாகுமா? 1979-ல் பிரான்ஸின் பூஷோ கம்பெனியிடம் டீசல் இன்ஜின் செய்யும் உரிமையை வாங்கினார்கள். எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், 2,112 சி.சி. பிரெஞ்சுக்காரன் போட்டதால் அது மில்லிமீட்டர் கணக்கு. ஆக, மத்தூர் தோப்பில் மாங்காய் இழுக்கும் ஜீப் என்பது அமெரிக்க உடம்பு, பிரெஞ்சு இதயம், பம்பாய்ப் பிறப்பு, தர்மபுரி நம்பர்! இதில் வெற்றிலை பாக்கு டப்பா மட்டும்தான் அசல் கிருஷ்ணகிரி.

மத்தூர் மாதிரி ஊருக்கு ஜீப் எப்போது பழக்கமானது தெரியுமா? 1952 அக்டோபர் 2-ல் மத்திய அரசு சமூக வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தது. அப்புறம் ஊர்ப்புறத்தை எல்லாம் வட்டாரங்களாகப் பிரித்தார்கள். அந்த வட்டார ஆபீஸின் அடையாளமே ஒரு ஜீப்தான். உங்கள் தாத்தாவைக் கேளுங்க, “யூனியன் ஜீப் வருது”ன்னா ஊரே எழுந்து நின்ற கதையைச் சொல்வார். மத்தூரும் ஒன்றியத் தலைமையிடம்தான். அந்த மாதிரி அரசாங்க ஜீப்புகள் ஓய்ந்ததும் ஏலத்துக்கு வரும். தோப்புக்காரர்களும், கல்குவாரிக்காரர்களும் எடுப்பார்கள். ஓடுகிற ஜீப்பாகவே போகும். இல்லை என்றால் நாலு ஜீப்புக்கு உதிரிப் பாகமாகப் போகும்.

அந்த வழியும் இப்போது அடைத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1-லிருந்து 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளுக்கு ஆர்.சி. புதுப்பிப்பதில்லை, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போகணும். “முன்னாடி ஒரு ஆக்ஸில் வேணும்னா ஏலத்துல ஒரு வண்டியே எடுப்பேன். இப்ப பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கு பஸ் ஏறணும், இல்ல புதுப்பேட்டைக்கு ரயில் ஏறணும்” என்றார் மேஸ்திரி. நல்ல வேளையாக பொலிரோ இன்னும் ஓடுகிறது. அதன் ஸ்டீயரிங் பாக்ஸை இதில் உட்கார வைக்கிறார், அதன் ஆல்டர்னேட்டரைப் பொருத்துகிறார். ஒரு அரை நாள் வெல்டிங், ஒரு அரை நாள் லேத்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஜீப் என்றால் உருகி உருகிப் பேசும் கோஷ்டியில் நான் இல்லை. அது புகை விடும். ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. ஹைவேஸில் அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் உங்களை ஓட்டும். பம்ப்பைக் கழற்றி காலிபரேஷன் செய்து, நாஸில் மாற்றினால் கறுப்புப் புகை நிறையக் குறைகிறது. நாங்களும் செய்தோம். ஆனாலும் 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டி பக்கத்தில் இது நிற்க முடியாது. சிட்டிக்குள் தினமும் ஆபீஸ் போக இதை வைத்திருப்பது சுத்த வேஸ்ட் என்பது என் கட்சி. ஆனால் மழை பெய்த களிமண் தோப்பில், வருஷத்துக்கு நாலு மாசம் ஓடும் வண்டிக்குப் பதிலாக பல லட்சம் போட்டுப் புதுசு வாங்கு என்று அந்த அப்பாவிடம் யார் சொல்வது? கொழுக்குமலைக்குப் போயிருக்கீங்களா? மலை தேனி மாவட்டம், ஆனால் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற முடியும். அந்த டிரைவர்களிடம் கேளுங்க. பிலிப்பைன்ஸில், அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி பஸ் ஆக்கினார்கள். ஜீப்னி என்று பெயர். அரசாங்கம் அதையெல்லாம் மாற்றச் சொன்னபோது 2023-ல் டிரைவர்கள் ஸ்டிரைக்கே செய்தார்கள். காசு இருந்தால் மாற்ற மாட்டார்களா என்ன?

சரி, ஆர்.டி.ஓ. நாளுக்கு வருவோம்.

விடிகாலை மழை. தோப்பிலிருந்து வெளியே வரும் வண்டித்தடத்தில் முன் வீல் ஹப்பை லாக் செய்து, ஃபோர் வீல் லிவரைத் தள்ளினோம். சேறு, பள்ளம், வேர் எதையும் சட்டை பண்ணாமல் எருமை மாதிரி நடந்து ரோட்டுக்கு வந்தது. தார் ரோட்டில் ஏறியதும் லிவரை விடுவித்துவிட வேண்டும். இந்தப் பழைய வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் வீல் ஓடும் தூரமும் பின் வீல் ஓடும் தூரமும் வேறு வேறு. மண்ணில் டயர் வழுக்கிச் சரி செய்துகொள்ளும், தாரில் வழுக்காது. லிவர் இறுகிக்கொள்ளும். அப்படி ஆனால் சுத்தியல் எடுக்காதீங்க, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க. விட்டுவிடும்.

மத்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் இருக்கும். நண்பன் பாட்டுப் பாட ஆரம்பித்தான். அடியில் ‘டிக்... டிக்...’ என்று ஒரு தாளம் சேர்ந்தது. ‘பரவாயில்லையே’ என்று நினைத்தேன். அடுத்த கியரில் ‘டொம்!’ என்று ஒரு இடி, ரோட்டில் இரும்பு உராயும் சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓரமாக உருட்டி நிறுத்தி, குனிந்து பார்த்தால் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியல் பக்கம் கழன்று தொங்குகிறது. ஜாயின்ட் கிராஸ் ரெண்டாக உடைந்திருந்தது.

நண்பன் முகத்தைப் பார்க்கணுமே. அவன் போனை எடுத்தான். அப்பாவுக்கு இல்லை. மேஸ்திரிக்கு.

பையனைப் பின்னால் உட்கார வைத்து மொபெட்டில் வந்தார். கிராஸ் துண்டைக் கையில் வாங்கினார். உள்ளே ஊசி ஊசியாக பேரிங் உருளைகள் இருக்கும். எல்லாம் துருப்பொடியாக உதிர்ந்தது. “கிரீஸ் பார்த்து எத்தனை வருஷமாச்சோ. ஒரு மாசமா டிக் டிக்னு சொல்லியிருக்குமே?” நாங்கள் ரெண்டு பேரும் தார் ரோட்டைப் பார்த்தோம்.

“டோ பண்ணணுமா அண்ணா?”

“எதுக்கு? முன்னாடி ஒரு ஷாஃப்ட் சும்மாதானே இருக்கு.”

எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்ததா? முன்னாடி டயருக்குக் கல் கொடுக்கச் சொன்னார். பின் ஷாஃப்ட்டின் இன்னொரு முனையில் இருக்கும் ரெண்டு யூ போல்ட், நாலு நட்டைக் கழற்றச் சொன்னார். இந்தத் தடவை இஞ்ச் டப்பாதான், மறக்கவில்லை. ஷாஃப்ட்டை உருவி வண்டிக்குள் போட்டோம். ஹப்பை லாக் செய்தார். ஃபோர் வீல் லிவரைத் தள்ளினார். முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டார்.

ஜீப் நகர்ந்தது! பின் வீல் சும்மா உருள, முன் வீல் மட்டும் இழுத்துக்கொண்டு.

“இப்ப இது மாருதி கார் தம்பி. முன்னாடிதான் இழுக்கும். முப்பதுக்கு மேல போகாதே, மேட்டுல உறுமாதே” என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார். நாலு வருஷம் டிரான்ஸ்மிஷன் படித்தேன். டிஃபரன்ஷியல் படம் போட்டுப் பதினாறு மார்க் வாங்கினேன். ஒரு ஷாஃப்ட் போனால் இன்னொன்று இருக்கே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தோம். ஆர்.டி.ஓ. தேதி போச்சு. மேஸ்திரி மற்ற மூட்டுகளை ஆட்டிப் பார்த்தார். காதில் நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை வைத்து, முனையை பம்ப் மேல், டைமிங் கவர் மேல், கியர் பாக்ஸ் மேல் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்தான். பையனைக் கூப்பிட்டு அவன் காதிலும் வைத்தார். “கேட்குதா? அது நல்ல சத்தம். இது கெட்டது.” பையன் தலையாட்டினான்.

ஒரு காலத்தில் இந்தப் பட்டறையில் ஆறு பையன்கள் இருந்தார்களாம். இப்போது இவன் ஒருத்தன். ஐ.டி.ஐ. முடித்தவன். அடுத்த மாசம் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் சேருகிறான். வருத்தமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“வருத்தம் என்ன? மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வீட்டு வாசல்ல கம்பெனி பஸ்ஸு. நான்தான் போகச் சொன்னேன். இங்க இருந்தா இவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா?” என்றவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே, “லீவு நாள்ல வந்து நிப்பான். ஏண்டா, வருவியா?” என்றார். பையன் ‘ம்’ என்றான். லேத்துக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புதுசாக வரும் ஃபோர் வீல் வண்டிகளைத் தொட லேப்டாப்பும் ஸ்கேனரும் வேண்டும். அதைப் படித்துக்கொள்ள காலேஜ் இருக்கிறது, கம்பெனி ட்ரெயினிங் இருக்கிறது. இந்தக் காதுக்கு எங்கே கோர்ஸ் இருக்கிறது?

மத்தியானம் அப்பா வந்துவிட்டார். எக்ஸ்.எல். சூப்பரில். யார் சொன்னார்களோ, மத்தூரில் செய்தி போகும் வேகத்துக்கு பிராட்பேண்ட் தோற்கும். நண்பன் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அப்பா ஒன்றும் பேசவில்லை. வண்டிக்குள் கிடந்த ஷாஃப்ட்டைப் பார்த்தார். பெஞ்ச்சில் இருந்த உடைந்த கிராஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“மீதி மூணு?”

“ஒண்ணு ஆட்டம். ரெண்டு பரவாயில்ல” என்றார் மேஸ்திரி.

அப்பா சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, என் கையில் கொடுத்தார். “கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி நாலும் புதுசா வாங்கிட்டு வந்துடு தம்பி. கிரீஸ் டப்பாவும் ஒண்ணு.” அப்புறம் மேஸ்திரி பக்கம் திரும்பி, “பசங்களையே போட வை” என்றார்.

போட்டோம். நாலு கிராஸ், எட்டு மணி நேரம். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயால் வேலை செய்தார். சர்க்ளிப் தெறித்து புளியமரத்துப் பக்கம் போய் ஒன்று தொலைந்தது. கிராஸின் கிரீஸ் நிப்பிள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும் என்று கவனிக்காமல் மாட்டி, கிரீஸ் கன் நுழையாமல், திரும்பக் கழற்றி மாட்டினோம். நீங்கள் போடும்போது நிப்பிள் பார்க்கிற திசையைக் கவனிங்க.

திரும்பத் தேதி வாங்கி, அடுத்த வாரம் கிருஷ்ணகிரி போனோம். இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், லைட் போடச் சொன்னார், பிரேக் அடிக்கச் சொன்னார், புகை சர்ட்டிஃபிகேட்டை வாங்கிப் பார்த்தார். “எந்த வருஷ மாடல்?” “தொண்ணூறு சார்.” கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பேப்பரில் கையெழுத்துப் போட்டார். 2030 வரைக்கும் கவலை இல்லை.

திரும்பி வரும்போது மத்தூரில் டீ குடிக்க நிறுத்தினோம். புது பேட்டரி, புது வாஷர், புது கிராஸ், செல்ஃப் சும்மா கும்மென்று அடிக்கிறது. ஆனாலும் நண்பன் டீக்கடை வாசலில் இடம் இருந்தும் அங்கே நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், ரோடு சரிவாக இறங்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினான்.

“ஏண்டா?”

“தள்ளி விட ஈஸியா இருக்கும்ல” என்றபடி இறங்கிப் போய், டயருக்கு ஒரு கல் தேடினான்.